கக்கத்துப் பூட்டு

சித்த எந்திரிச்சு வழி விடுங்க தம்பி, நான் ஜன்னலோரம் போயிக்கறேன். இந்தத் தோள்ல ஒருத்தரும் இடிக்காம இருக்கோணும், அதான். ஆங், இப்பச் சரி. நீங்களும் நல்லா உக்காருங்க.

கட்டுப் போட்டிருக்கறேனே, என்னாச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்லீங்க, எல்லாரும் கேப்பாங்க. நீங்களும் பஸ்ஸு கவுந்தப்பாடி தாண்டறதுக்குள்ள கேட்டுப்போடுவீங்க. அதுக்கு நானே சொல்லிப்போடறேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. கோபியில மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கறேன். புண்ணாக்கு, தவுடு, பருத்திக்கொட்டை எல்லாம் கெடைக்கும். நெம்ப அமைதியான ஆளு. அதே நேரத்துல நெம்பப் பலசாலி. லாரியிலிருந்து தவுட்டு மூட்டையை ஒத்த ஆளா முதுகுல தூக்கி எறக்கிருவேன். அதாவது முன்னெல்லாம். இப்ப ஆளு வெச்சிருக்கறேன்.

எங்கூட்டுக்காரி துளசிமணி, பொம்பளப் புள்ளைக படிக்கற பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர். இந்த வருசம் பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல, புள்ளைகளுக்குத் தற்காப்புச் சொல்லிக் குடுக்கறோம்னு ஒரு வகுப்பு ஆரம்பிச்சாங்க. கராத்தேயா இருந்தாப் பரவால்லீங்க. காத்துல குத்துவாங்க, காத்துக்கென்ன வலிக்கவா போகுது? இது அது இல்லீங்க. இது நின்னுக்கிட்டே ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புடிக்கறது.

அப்படித்தான் சொல்லிக் குடுக்கறாங்க. பர்வீன்னு ஒரு புள்ளை, ஜூடோவெல்லாம் வெளையாடி மெடல் வாங்குன புள்ளை, அதுதான் கோச்சு. அது என்ன சொல்லுதுன்னா, நெசத்துல வம்புக்கு வர்றவன் தூரத்துல நின்னு சண்டை போட மாட்டானாம். கையைப் புடிப்பான், கழுத்தைப் புடிப்பான், பின்னாடி வந்து சேர்த்துக் கட்டுவான். புடிச்சதுக்கப்பறம் என்ன பண்றதுங்கறதுதான் பாடமாம். ஜெயிக்கறதுக்கு இல்லையாம். கழட்டிக்கிட்டு வெளிய வர்றதுக்காம்.

புள்ளைகளோட ஒரு டீச்சர் கூட நிக்கோணும்னு சொல்லியிருக்காங்க. மத்த டீச்சருக எல்லாம் முட்டி வலி, இடுப்பு வலின்னு நழுவிக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரிக்கு வலின்னு ஒண்ணு இருக்கறதா நான் இதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லீங்க. அதனால அவ மாட்டிக்கிட்டா. கூட நின்னு பாத்துட்டு வந்தாப் போதாதா? இவளும் சேர்ந்து கத்துக்கிட்டா.

ஒரு நாள் பொழுதோட நான் டீயைக் குடிச்சுக்கிட்டு டீவி பாத்துட்டு இருக்கறேன். பக்கத்துல வந்து நின்னா. "ஏனுங்க, சித்த என் கையைப் புடிங்க"ன்னா.

டீவியை நிறுத்திப்போட்டேன் தம்பி. கட்டுன நாள்லேர்ந்து அவ வாயில அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லீங்க. "கதவைச் சாத்தட்டுமா?"ன்னு கேட்டேன்.

"எதுக்கு? காத்து வரட்டும். மணிக்கட்டைப் புடிங்க. கெட்டியா."

புடிச்சேன். கையைப் புடிக்கறது எனக்குப் பழக்கந்தானுங்க. நான் பேசிட்டு இருக்கறப்பவே அவ எந்திரிச்சுப் போவா. "பேசிட்டு இருக்கறேன், எங்க போறே?"ன்னு மணிக்கட்டைப் புடிச்சு உக்கார வெப்பேன். அதுல ஒண்ணும் தப்பில்லீங்க, பாசந்தான். பேச்சு முடிஞ்சா விட்ருவேன். அன்னிக்கும் அப்படித்தான் புடிச்சேன்.

அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? "பாருங்க, உங்க பெருவெரலுக்கும் மத்த வெரலுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குது. அதுதான் வாசல்"னா. முழங்கையை மடக்கி ஒரு அடி முன்னாடி வந்தா. கையை என் பெருவெரல் பக்கமா ஒரு திருப்புத் திருப்புனா. அவ்வளவுதான். என் கை சும்மா காத்தைப் புடிச்சுக்கிட்டு நிக்குது.

நான் விட்டுக் குடுத்தேங்க. பொம்பள ஆசையாக் கேக்கறாளேன்னு.

"இன்னொருக்காப் புடிங்க"ன்னா. புடிச்சேன். அதையும் விட்டுக் குடுத்தேன். அன்னிக்குப் பூராவும் விட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தேன் தம்பி, கடைசியில கை செவந்து போச்சு.

அதுலேர்ந்து ஒரு தொந்தரவு. நான் பேசறப்ப அவ எந்திரிச்சுப் போனா, புடிச்சாலும் நிக்கறதில்லை. அடுப்புல பால் இருக்குதுன்னு போயே போயிடறா. என் பேச்சு பாதியில தொங்குது. அதை முடிக்கறதுக்கு நான் சமையக்கட்டுக்கே போக வேண்டியதாப் போச்சு. போனா வெங்காயத்தைக் கையில குடுத்து உரிக்கச் சொல்றா. ஒரு மனுசன் வெங்காயம் உரிச்சுக்கிட்டு நாட்டு நடப்பைப் பேசுனா அதுக்கு ஒரு கனம் இருக்குமுங்களா?

சரி, கைப்பிடியோட முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். அடுத்த பாடம் கக்கத்துப் பூட்டுங்க. கோச்சு அதுக்கு இங்கிலீசுல என்னமோ பேர் சொல்லுது. புள்ளைக வெச்ச பேரு இது. எதுத்தாப்ல நிக்கற ஆளோட கக்கத்துக்கு அடியில நம்ம கையை விட்டு, முதுகுப் பக்கம் தோள்பட்டையை வளைச்சுப் புடிச்சுக்கறது. தலையை அவனோட நெஞ்சுல ஒட்ட வெச்சுக்கோணும். அப்பறம் அவன் எங்கயும் போக முடியாது. நம்ம பக்கம் திரும்பவும் முடியாது, குத்தவும் முடியாது. இடுப்பை ஒட்டுனாப்ல கொண்டு போயி, ஒரு காலை அவன் காலுக்குப் பின்னாடி வெச்சுட்டா, கொழந்தையாட்ட உக்கார வெச்சுப்போடலாம்.

ஆனா எனக்குக் கக்கத்துல கூச்சமுங்க! சின்ன வயசுலேர்ந்தே. அவ கையை விட்டாளோ இல்லையோ நான் கெக்கெக்கேன்னு சிரிக்க ஆரம்பிச்சுட்டேன். "சிரிக்காதீங்க, வம்பு பண்றவன் சிரிக்க மாட்டான்"னு அதட்டறா. நான் சிரிச்சுக்கிட்டே, "விடு புள்ள, விடு புள்ள"ன்னு நெளியறேன். ஊட்டு முன்னாடி ஆசாரத்துக் கதவு தொறந்து கெடக்குது. பக்கத்து ஊட்டு ராசாமணி மோர் வாங்க வந்தவ, வாசப்படியில நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா.

அடுத்த நாள் அவ ஊட்டுக்காரன் கடைக்கு வந்தான். தவுடு வாங்கறவன், அன்னிக்கு ஒண்ணும் வாங்கலை. என்னையவே பாத்துட்டு நிக்கறான். "அண்ணா, இந்த வயசுலயும் நீங்க ரெண்டு பேரும் இப்படி இருக்கறீங்கன்னு ராசாமணி சொல்லிச் சொல்லி என் உசுரை எடுக்கறாண்ணா"ங்கறான். நான் மறுக்கலீங்க. எதுக்கு மறுக்கோணும்?

இருந்தாலும் இதை இப்படியே விடக்கூடாதுன்னு ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே போனேன். பொம்பளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு, கோலப்போட்டி வைங்கன்னு சொல்லலாம்னுதான் போனேன். கோச்சுப் புள்ளை ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, "வாங்க சார், நீங்கதான் துளசி மேடம் சாரா? நல்ல நேரத்துல வந்தீங்க. பெரிய ஆளு ஒருத்தர் வேணும்னு பாத்துட்டு இருந்தேன்"னுது. பெரிய ஆளுன்னு ஒருத்தர் வாய் நெறையச் சொல்றப்ப, அங்க போயி கோலப்போட்டின்னா நல்லா இருக்குமுங்களா?

மைதானத்துல புள்ளைக வட்டமா உக்காந்திருக்குதுக. நடுவுல என்னைய நிக்க வெச்சாங்க. ஒரு புள்ளை வந்துச்சு பாருங்க, ஈர்க்குச்சியாட்ட. ஒன்பதாவது படிக்குதாம். "சார், நீங்க இவளோட தோளைப் புடிச்சுத் தள்ளுங்க"ன்னுது கோச்சு. எனக்குப் பாவமாப் போச்சு. லேசாத் தள்ளுனேன். "சார், நல்லாத் தள்ளுங்க"ன்னு அந்தப் புள்ளையே சொல்லுது. சரின்னு தள்ளுனேன். நான் தள்ள, அது பின்னாடி போகலை. பக்கவாட்டுல வழி விட்டுது. நான் தள்ளுன தள்ளு எங்கயோ போகுது, நானும் அது கூடவே போறேன். பாத்தா, என் கக்கத்துக்குள்ள ஒரு கை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே மண்ணுல உக்காந்திருக்கறேன். புள்ளைகெல்லாம் கை தட்டுதுக.

பொம்பளப் புள்ளைக படிப்புக்கு நம்மளால ஆனதுங்க. விட்டுக் குடுத்தேன்.

இப்ப எங்க மச்சானைப் பத்திச் சொல்லோணும். தங்கவேலு மச்சான். எங்க அக்காவைக் கட்டுனவர், அந்தியூர்ப் பக்கம். எங்கப்பா போனப்பறம் எங்களுக்கு எல்லாமே அவருதானுங்க. நல்ல ஆகிருதி. யாரைப் பாத்தாலும் பொடனியில கையைப் போட்டு, அப்படியே அமுக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் பேசுவார். "என்ன மாப்ள"ன்னு அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள நமக்குக் கழுத்துச் சுளுக்கிக்கும். பாசக்காரர். என் கடைக்கு எடம் பாத்தது அவரு. ஊட்டுக்குச் சுண்ணாம்பு என்ன கலருன்னு சொன்னது அவரு. எம்மக தாரணி என்ன படிக்கோணும்னு சொன்னதும் அவருதான். நான் முடிவே எடுக்க மாட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. மச்சான் சொல்றதை ஏத்துக்கலாமுங்கற முடிவை எப்பவும் நாந்தான் எடுப்பேன்.

தாரணி படிச்சு முடிச்சு, ஹைதராபாத்துல ஒரு மருந்துக் கம்பெனியில வேலை வாங்கிட்டா. மச்சான்கிட்டக் கேட்டேன். "வேலையாவது வெங்காயமாவது, நம்ம அரிசி மில்லுக்காரர் பையன் இருக்கறான், வர்ற கெடா வெட்டுக்கு அவிய வர்றாங்க, புள்ளையை அன்னிக்கே காட்டிப்போடலாம்"னாரு. நான் இதை ஊட்டுல சொல்லலீங்க. சொன்னா சண்டை வரும். அன்னிக்கு அங்க போயித் தானாத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன். வம்பில்லாமப் போறதுக்கு அதெல்லாம் ஒரு பக்குவம் வேணுமுங்க.

கெடா வெட்டுன்னா, மச்சானோட பேரனுக்குக் காது குத்து. மண்டபம் நெறைய ஒறம்பரை, சொந்தபந்தம். ஆசாரி ஊசியை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறார், கொழந்தை வீல்வீல்னு கத்துது, காதைக் காட்ட மாட்டேங்குது. ஒரு பக்கம் மொதப் பந்தி நடக்குது. நான் எலைக்கு உப்பு வெச்சுட்டு வர்றேன்.

மச்சான் நேரா தாரணிகிட்டப் போனார். "வா கண்ணு, உன்னையப் பாக்க ஆள் வந்திருக்குது"ன்னார்.

"யாருங்க மாமா?"

"வந்து பாரு, தெரியும்."

முன் வரிசையில மில்லுக்காரர் குடும்பத்தைப் பாத்ததும் அவளுக்குப் புரிஞ்சு போச்சு. "மாமா, நான் வரலீங்க. எனக்கு ஹைதராபாத்துல சேரறதுக்கு ஆர்டர் வந்திருச்சுங்க. நான் போறேன்"னா. மெதுவாத்தான் சொன்னா. ஆனா பக்கத்துல இருந்தவியளுக்கெல்லாம் கேட்டுருச்சு.

மச்சான் சிரிச்சார். "உங்கொப்பனே எங்கிட்ட இப்படிப் பேசுனதில்லை"ன்னு சொல்லிட்டு, அவ மணிக்கட்டைப் புடிச்சு இழுத்தார். கண்ணாடி வளையல் ரெண்டு ஒடஞ்சு விழுந்துச்சு. அவ இழுத்தா, அவரு விடலை. தரதரன்னு நாலு நாற்காலி தாண்டிப் போயிட்டாங்க. தாரணி என்னையப் பாத்தா.

நான் உப்பு வெச்சுட்டு இருந்தேங்க. உப்பு வெக்கறப்ப நடுவுல நிறுத்தக்கூடாது தம்பி. எந்த எலைக்கு வெச்சோம், எதுக்கு வெக்கலைன்னு தெரியாமப் போயிரும்.

துளசி எங்கிருந்து வந்தான்னே தெரியலை. பட்டுச் சேலை, தலை நெறையப் பூவு. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. எனக்கு அந்தச் சொருகலைப் பாத்ததுமே திக்குன்னுது.

"அண்ணா, புள்ளையை விடுங்க."

"நீ போயிப் பந்தியைப் பாரும்மா."

"விடுங்கண்ணா. அவளுக்குக் கை வலிக்குது."

"எனக்குத் தெரியாதா, எது வலிக்கும் எது வலிக்காதுன்னு? தள்ளு அக்கட்டால"ன்னு இன்னொரு கையால அவ தோளைப் புடிச்சுத் தள்ளுனார்.

அய்யோ மச்சான், தள்ளாதீங்கன்னு நான் மனசுக்குள்ள கத்துனேன். வெளிய வரலை.

தள்ளுனதுக்கு வழி விட்டாளுங்க. மச்சான் ஒரு அடி முன்னாடி வந்துட்டார். அதுக்குள்ள அவ தலை அவரு நெஞ்சுல ஒட்டிக்கிச்சு. ஒரு கை கக்கத்துக்குள்ள போயி முதுகை வளைச்சுருச்சு. இன்னொரு கை, தாரணியைப் புடிச்சிருந்த கையோட முழங்கையை ஒரு அமுக்கு. புள்ளை கை விடுபட்டுருச்சு. மச்சான் திமிர்றார், அவ்வளவு பெரிய ஆளு, ஒண்ணும் பண்ண முடியலை. துளசி இடுப்பை ஒட்டுனாப்ல கொண்டு போயி, கால் ஒண்ணைப் பின்னாடி வெச்சா. தூக்கியெல்லாம் எறியலீங்க. அப்படிச் சொல்றவிய பொய் சொல்றாங்க. மெதுவா, பொடனி அடிபடாமக் கையை அண்டக் குடுத்து, வாழை எலைக் கட்டுப் பக்கத்துல உக்கார வெச்சா.

மேளம் நின்னு போச்சு. அதுவரைக்கும் வீல்வீல்னு கத்திட்டு இருந்த கொழந்தை, தாத்தா கீழ உக்காந்திருக்கறதைப் பாத்துட்டுக் கைகொட்டிச் சிரிச்சுது. அந்த நேரம் பாத்து ஆசாரி ரெண்டு காதையும் குத்திப்போட்டார். கெட்டிக்கார ஆசாரி.

இப்பத்தான் நான் உப்புக் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு ஓடுனேன். சமாதானம் பண்றதுக்குத்தான் தம்பி, வேற ஒண்ணுமில்லை. குடும்பத்துல மூத்தவர் கீழ உக்காந்திருக்கறார், மானம் போகுது. துளசி பின்னாடி போயி, ரெண்டு கையாலயும் சேர்த்துக் கட்டிப் புடிச்சு, "விடு புள்ள, மச்சானை விடு"ன்னேன். அவ எப்பவோ விட்டுட்டா. அது வேற விசயம்.

பின்னாடி வந்து கட்டுனா என்ன பண்றதுங்கற பாடத்தை என் மேல அவ செஞ்சு பாத்ததே இல்லீங்க. அந்த வாரந்தான் சொல்லிக் குடுத்தாங்களாம். எனக்கு எப்படித் தெரியும்? மொதல்ல அவ அப்படியே உக்கார்றாப்ல ஒடம்பைக் கீழ எறக்குனா. தவுட்டு மூட்டை ஒண்ணு கைக்குள்ள திடீர்னு கனத்தாப்ல இருந்துச்சு. அப்பறம் என் கையை மேல புடிச்சுக் குனிஞ்சா. அப்பறம் நான் மண்டபத்து ஃபேனைப் பாத்துட்டு இருக்கறேன். நெம்பத் தூசிங்க அந்த ஃபேனு. வாடகை மட்டும் வாங்கறாங்க.

அவளைக் குறை சொல்ல முடியாதுங்க. நான்னு அவளுக்குத் தெரியாது. அப்படித்தான் நான் நெனைச்சேன். ஆஸ்பத்திரிக்குக் கார்ல போறப்ப, என் கையை அசங்காம மடியில தாங்கிப் புடிச்சுக்கிட்டு வந்தா. தாரணி முன்னாடி டிரைவர்கிட்ட உக்காந்திருக்கறா. நான் கேட்டேன், "நான்னு தெரியாமத்தானே புள்ள போட்டே?"

"தெரியுமுங்க"ன்னா.

"தெரிஞ்சேவா?"

"உங்க புடி எனக்குத் தெரியாதுங்களா?" அப்பறம் கேட்டா, "அங்க ரெண்டு பேர் நின்னோம். நீங்க யாரைப் புடிச்சிருக்கோணும்?"

தோள் எறங்கிப்போயி, உசுர் போற வலியில இருக்கற மனுசன்கிட்டக் கேக்கற கேள்விங்களா இது? வலி நிக்கட்டும், பதில் சொல்லலாம்னு விட்டுட்டேன். வலி இப்பக் கொஞ்சம் பரவால்லை. ஆனா அவ மறுபடி கேக்கலை.

அப்பறம் மச்சான் பேச்சு வார்த்தை இல்லை. போன் இல்லை. தாரணி கெளம்பற நாள் வந்துருச்சு. "என்னங்கப்பா, போகட்டுங்களா?"ன்னு எங்கிட்ட வந்து நிக்கறா. மச்சான்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லவும் முடியலை. வேற வழியில்லாம நானே முடிவு பண்ண வேண்டியதாப் போச்சுங்க. "போயிட்டு வா கண்ணு"ன்னேன். சொல்லிப் பாத்தா, ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் இருந்துச்சு. அதனால இன்னொருக்காவும் சொன்னேன்.

மச்சான்கிட்ட எப்படியும் மன்னிப்புக் கேட்டுரலாம்னுதான் இருந்தேன். என்ன பேசோணும்னு மனசுக்குள்ள தயார் பண்ணிட்டும் இருந்தேன். போன ஞாயித்துக்கெழமை, ஆசாரத்துல உக்காந்து அதைத்தான் யோசிச்சுட்டு இருக்கறேன். அக்கா வருது. கருணாம்பா அக்கா, மச்சான் ஊட்டுக்காரி. தனியா வருது. பஸ்ஸேறி, விசாரிச்சு விசாரிச்சு. எங்கக்கா தனியா எங்கயும் வந்ததில்லீங்க. மச்சான் முன்னாடி போவார், அது அவரு துண்டையும் பையையும் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போகும். அது பேசி நீங்க கேட்டீங்கன்னா, அன்னிக்கு மழை வரும்.

மச்சான்தான் சண்டைக்கு அனுப்பிச்சிருக்கறார்னு நெனைச்சேன். "வாக்கா"ன்னேன். "தோள் எப்படி இருக்குது?"ன்னு கேட்டுது. "பரவால்லைக்கா"ன்னேன். தண்ணி குடிச்சுது. "துளசி எங்க?"ன்னுது. ரெண்டு பேரும் உள் ரூமுக்குப் போயிக் கதவைச் சாத்திக்கிட்டாங்க.

சித்த நேரம் பேச்சுச் சத்தம் கேட்டுது. அப்பறம் அதுவும் இல்லை. அப்பறம் "தொம்"முன்னு ஒரு சத்தம். பதறிப்போயிக் கதவைத் தள்ளுனேன்.

கட்டிலை ஓரமாத் தள்ளிப் போட்டிருக்காங்க. எங்கக்கா நடுவுல நிக்குது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ரெண்டு காலையும் அகட்டி வெச்சுக்கிட்டு, முட்டியைச் சித்த மடக்கிக்கிட்டு. நரைச்ச தலைமசுரு கலைஞ்சு கெடக்குது. துளசி அது மணிக்கட்டைப் புடிச்சிருக்கறா. "பெருவெரல் பக்கமாத் திருப்புங்க நங்கை. பலத்துல இல்லை, பக்கத்துல வாங்க, அப்பத் திருப்புங்க"ங்கறா. நங்கைன்னா எங்க பக்கம் புருசனோட அக்காவைக் கூப்புடறது.

அக்காவோட ரவிக்கைக் கை மேல ஏறியிருந்துச்சு. மேல் கையில கன்னிப்போயி நாலு வெரல் தெரிஞ்சுது. அஞ்சாவது அக்கட்டால இருந்திருக்குமாட்ட இருக்குது. புதுசு கொஞ்சம், பழசு கொஞ்சம்.

"என்னக்கா இது?"ன்னேன்.

அது என்னைய நிமிந்து பாத்துச்சு. "உனக்குத் தெரியாதா நாச்சி?"ன்னுது.

எனக்குத் தெரியாதுங்க தம்பி. சத்தியமாத் தெரியாது. கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

என்ன பண்றதுன்னு தெரியாம அங்கயே நின்னேன். துளசி என்னைய வெளிய போகச் சொல்லுவாள்னு பாத்தேன். சொல்லலை. "ஆம்பளக் கை கொஞ்சம் பெருசா இருக்கும். அதுல பழகுனாத்தான் நங்கைக்கு நல்லது"ன்னா, என்னையப் பாக்காம.

"இந்தக் கை நல்லாத்தான் இருக்குது"ன்னு நீட்டுனேன்.

புடிச்சேன். எங்கக்கா கை, எலும்புங்க. மொதல் தடவை அதுக்குக் கழட்ட வரலை. ரெண்டாந் தடவையும் வரலை. "லேசாப் புடிக்கட்டுமாக்கா?"ன்னேன். "வேண்டாம். அவரு லேசாப் புடிக்க மாட்டார்"னுது. அதனால கெட்டியாப் புடிச்சேன். அது என் பக்கத்துல வந்துச்சு. எவ்வளவு பக்கம்னா, சின்னதுல எனக்குத் தலை வாரி விடறப்ப வர்ற அவ்வளவு பக்கம். முழங்கையை மடக்குச்சு, திருப்புச்சு. வெளிய போயிருச்சு.

நான் விட்டுக் குடுக்கலீங்க தம்பி. நெசமாவே கெட்டியாத்தான் புடிச்சேன்.

அக்கா தன் கையையே பாத்துட்டு நின்னுது. அப்பறம் "இன்னொருக்கா"ன்னுது.

அன்னிக்கு மத்தியானம் மச்சான் போன் பண்ணுனார். காது குத்துக்கப்பறம் மொதல் போன். "உங்கக்கா அங்க வந்தாளா?"

"வந்திருக்குதுங்க மச்சான்."

"எதுக்கு?"

நான் அவருக்காகத் தயார் பண்ணி வெச்சிருந்த மன்னிப்பு நாக்கு நுனியிலயே இருந்துச்சு. அதுக்குப் பதிலா வேற என்னமோ வந்துச்சு. "தையல் கத்துக்கறதுக்குங்க"ன்னேன்.

"இந்த வயசுல என்ன தையல்?"

"துளசி சொல்லித் தர்றாளுங்க. வாராவாரம் வரும்னு நெனைக்கறேன் மச்சான்."

என்னமோ மொனகிட்டு வெச்சுட்டார். மச்சான்கிட்ட நான் சொன்ன மொதப் பொய்யிங்க அது. கெரகம், எவ்வளவு சுளுவா வருது!

அடுத்து விழுந்து பழகோணுமாம் அக்கா. தள்ளி விட்டா அடிபடாம எப்படி விழறதுன்னு. எங்க ஊட்டுல சிமெண்டுத் தரை, அந்த வயசுக்கு ஆகுமுங்களா? "விழறதுக்கு மெத்தையாட்ட ஒரு விரிப்பு விக்கும், விளையாட்டுச் சாமான் கடையில. நல்லாக் கனமாப் பாத்து வாங்கிட்டு வாங்க"ன்னு துளசி சொல்லியிருக்கறா. ஒத்தக் கையோட எதுக்கு இத்தனை தூரம் அலையறேன்னு பாக்கறீங்களா? கோபியிலயே கெடைக்குமுங்க. கடைவீதியிலயே இருக்குது.

அங்க பூராவும் மச்சானுக்குத் தெரிஞ்சவிய. அதான் ஈரோட்டுக்குப் போறேன்.